வாசல் தாண்டும் பூனை

நாயைச் சங்கிலியில் கட்டுகிறோம். ஆட்டை முளையடித்துக் கட்டுகிறோம். மாட்டுக்குத் தொழுவம் இருக்கிறது. கோழியைக்கூட மாலையானால் கூடையைக் கவிழ்த்து மூடி வைக்கிறோம். பூனை ஒன்றைத்தான் கேட்பாரில்லை. பால்சோறு தின்னும் நேரத்தில் அது நம் வீட்டுப் பூனை. மற்ற நேரமெல்லாம் ஊர்ப் பூனை. இரவில் எங்கே போயிற்று, யாரோடு சண்டையிட்டது, எதைத் தின்றது என்று நாமும் கேட்பதில்லை, அதுவும் சொல்லப்போவதில்லை. இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டே தீர வேண்டிய நிலை சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு ஏற்பட்டது. அதிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

எங்கள் விடுதிச் சமையற்கட்டில் மீனு என்ற பூனை இருந்தது. சாம்பல் நிறம், வெள்ளைக் கழுத்து. எங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் தோழியர் பலர் உண்டு. அவர்கள் அதனைப் ‘பில்லி’ என்றே அழைப்பார்கள். தெலுங்கில் பில்லி என்றால் பூனை. ‘பில்லி சூனியம்’ என்பதை மட்டுமே அறிந்திருந்த எங்களுக்கு முதலில் அது சற்று நடுக்கமாகத்தான் இருந்தது! மீனு பகலெல்லாம் அரிசி மூட்டையின் மேல் உறங்கும். இரவு மணி அடித்து விளக்கணைந்ததும் சன்னல் வழியே குதித்துப் போய்விடும். விடியற்காலையில் வழிபாட்டுக்கு நாங்கள் எழும்போது வாசற்படியில் வந்து அமர்ந்திருக்கும்.

ஆகஸ்டு மாதத்தில் ஒருமுறை இரண்டு நாள் அது வரவே இல்லை. மூன்றாம் நாள் காதோரம் காயத்துடன் வந்தது. வீட்டிலிருந்து வந்து படிக்கும் எங்கள் தோழி ஒருத்தி ஆசையோடு தூக்கினாள். என்றும் சாதுவாக இருந்த பூனை சீறி, அவள் மணிக்கட்டில் கடித்துவிட்டு ஓடியது. பல் பதிந்த இடத்தில் இரத்தம் வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் அவளுடைய ஆயா காயத்தில் காப்பித்தூளை அப்பி, “பூனை கடிச்சதுக்கெல்லாம் யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களாடி?” என்றார்களாம். மறுநாள் அறிவியல் வகுப்பில் அந்தக் கட்டைப் பார்த்த சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, “மீனு எங்கே?” என்பதுதான். மீனு இல்லை. முந்தைய நாள் ஓடியது ஓடியதுதான்.

மீனு எங்கே என்று சிஸ்டர் ஏன் கேட்டார்கள் என்பதை அன்று நாங்கள் அறியவில்லை. பிறகு விளக்கினார்கள். நாயோ பூனையோ கடித்தால் முதலில் செய்ய வேண்டியது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுவது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் கூடாது. அடுத்து உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். கடித்த பிராணி கண்முன்னே இருந்தால் அதனைப் பத்து நாள் கவனிக்கலாம். கடிக்கும்போது அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் அது நோயுற்று இறந்துவிடும். பத்து நாளும் நலமாக இருந்தால், மருத்துவர் மீதி ஊசிகளை நிறுத்திவிடலாம். பிராணியே காணாமற்போனால் கவனிப்பது எதனை? அதற்கு நோய் இருந்தது என்றே கருதி எல்லா ஊசிகளையும் போட்டாக வேண்டும்.

அவ்வாறே நடந்தது. இரத்தம் வந்த கடியாதலால் முதல் நாளே காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்தும் செலுத்தினார்கள். பின்னர் தோலுக்குள் போடும் தடுப்பூசி முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்களிலுமாக நான்கு முறை. அரசு மருத்துவமனையில் ஊசிக்குக் காசில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் அம்மா கூலிவேலையை விட்டுவிட்டுப் பேருந்தில் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. கடைசி ஊசி முடியும்வரை அந்த வீட்டில் யாருக்கும் சரியான உறக்கமில்லை. “தண்ணீர் குடிக்கும்போது தொண்டை அடைக்குதா?” என்று ஆயா தினந்தோறும் கேட்பார்களாம். இவளோ அழுவாளாம்.

இந்த அச்சம் வீணானதன்று. வெறிநோய், அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய எல்லோரையும் கொன்றுவிடுவது. ஆனால் கடித்தவுடன் முறையாக மருத்துவம் செய்தால் தடுத்துவிடக் கூடியது. இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது சில வாரங்களே. நம் மாநிலத்தில் இதற்கென்று ஒரு வரலாறே உண்டு. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் நீலகிரியில் வெறிநாய் கடித்து இறந்தாள். இந்தியாவில் அப்போது இதற்கு வைத்தியம் இருந்த இடம், 1900இல் தொடங்கப்பட்ட கசௌலி பாஸ்டர் நிலையம். அதுவோ இமயமலைச் சாரலில் இருந்தது. அந்த மரணம் பலர் மனத்தை உலுக்கியது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர்ந்து, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தாத்தா பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட பழைய மருந்து. 2005ஆம் ஆண்டுக்குப் பின் நம் நாட்டில் அது வழக்கில் இல்லை. அந்த ஊசிக்குப் பயந்து பூனைக் கடியை மறைக்கும் மாணவியர் இன்னும் இருந்தால், இப்போதைய ஊசி கையில்தான் போடப்படுகிறது என்பதை அறிந்துகொள்வார்களாக.

சரி, மீனு எங்கே போயிற்று? ஐந்தாம் நாள் இரயில் பாதையோரத்தில் அதன் உடல் கிடந்ததாகத் தோட்டக்காரர் வந்து சொன்னார். இரயிலில் அடிபட்டதா, நாய்கள் குதறினவா, நோய் கண்டு இறந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன் இரவுகளைப் பற்றி நாங்கள் எதுவுமே அறிந்திருக்கவில்லை என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. பின்னர் அந்த இரவுகளில் அது எதையெல்லாம் சந்தித்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தோம். கால்நடை மருத்துவர் ஒருவரிடமும் கேட்டறிந்தோம்.

முதலில் நம் மணவூரையே எடுத்துக்கொள்வோம். திருவாலங்காட்டுக்கு அடுத்த இரயில் நிலையம் நம்முடையது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான். அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் இன்று இரவும் பகலும் விரைவு வண்டிகள் பறக்கும் பாதை இது. பூனைக்கு வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. வெளிச்சம் கண்ணில் பட்டதும் திகைத்து நின்றுவிடும். சாலையிலும் இதே கதைதான். இன்னொன்றும் கேள்விப்பட்டோம். குளிர்காலத்தில் வேனின் என்ஜினுக்குள் சூடு தேடிப் பூனைகள் ஏறிப் படுத்துக்கொள்ளுமாம். காலையில் வண்டியைக் கிளப்பினால் என்ன ஆகும்! அதைக் கேட்டதிலிருந்து எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர் அண்ணன் புறப்படுமுன் முன்மூடியை இருமுறை தட்டிவிட்டுத்தான் ஏறுகிறார்.

அடுத்தது விஷம். நெல்லும் கரும்பும் விளையும் ஊரில் எலிமருந்து வைக்காதவர் இல்லை. வயலில் வைக்கும் சிங்க் பாஸ்பைடு, வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து விஷவாயுவாக மாறும். கடையில் கட்டியாக விற்கும் வேறு வகை மருந்து, இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைச் சில நாட்களில் மெல்லக் கொல்லும். அந்தச் சில நாட்களில் எலி தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலியைப் பிடிப்பது பூனைக்கு எளிது. எலிக்கு வைத்தது பூனைக்கும் சேருவது இப்படித்தான். மூன்றாம் வீட்டுக்காரர் எப்போது மருந்து வைத்தார் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

பிற பூனைகளோடு சண்டை வேறு. கடிபட்ட இடம் மேலே ஆறினாற்போலிருந்து உள்ளே சீழ் கட்டும். பூனைகளைத் தாக்கும் வைரஸ் ஒன்று, நோயுற்ற பூனையின் மலத்திலிருந்து மண்ணில் கலந்து மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாந்தி, பேதி கண்டு குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். “கண் பட்டது” என்பார்கள். கண்ணன்று, அந்தக் கிருமியாக இருக்கலாம். இதற்குத் தடுப்பூசி உண்டு. இங்கே தாய்மார்களுக்கு ஒரு சொல். வெளியே போய்க் காயத்தோடும் காய்ச்சலோடும் வந்த பூனைக்கு, நமக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரையும் உயிரைப் பறித்துவிடும்.

மூடப்படாத கிணறுகள், தெருநாய்கள், குறுக்கே வந்தால் சகுனம் சரியில்லை என்று கல்லெறிவோர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். படித்த வீடுகளிலும் இந்தச் சகுனம் இருக்கிறது என்பதைச் சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

இதுவரை பூனைக்கு நேரும் ஆபத்தைப் பேசினோம். பூனையால் பிறவற்றுக்கு நேருவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமல்லவா? மீனு எங்களுக்குப் பரிசாகக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தவற்றை நினைவுகூர்ந்து பட்டியலிட்டோம். எலி, சுண்டெலி உண்டு. அவற்றோடு அணிற்பிள்ளை, ஓணான், தவிட்டுக்குருவி, இரண்டு முறை தேன்சிட்டு, ஒருமுறை உயிரோடு ஒரு பாம்புக்குட்டி! அன்று சமையற்கட்டில் எழுந்த கூச்சலை விடுதி மாணவியர் மறந்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் மீனுவுக்குப் பசியே கிடையாது. வேளைக்கு மீன்தலையும் சோறும் தின்றுவந்த பூனை அது. பசிக்காக மட்டும் பூனை வேட்டையாடுவதில்லை. அசைவது கண்ணில் பட்டால் பாய்வது அதன் இயல்பு.

இது புதிதாகக் கண்டதன்று. அந்தி வேளையில் வேலியோரத்து வெருகைக் கண்டு கோழிப்பேடு தன் குஞ்சுகளைக் கூவி அழைப்பதைக் குறுந்தொகையிலே ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். வெருகு என்பது காட்டுப்பூனை. அன்று வேலிக்கு அப்பால் நின்ற ஆபத்தை இன்று நாமே பால் வார்த்து வளர்க்கிறோம்.

ஒரு பூனை ஒரு குருவியைப் பிடித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நியூசிலாந்து நாட்டில் ஸ்டீபன்ஸ் தீவு என்ற சிறு தீவு உள்ளது. 1894இல் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. காவலர் குடும்பங்கள் குடியேறின. அவர்களோடு பூனையும் வந்தது. அத்தீவில் வாழ்ந்த ஒருவகைச் சிறு குருவி பறக்கத் தெரியாதது. மாலையில் பாறைகளுக்கிடையே எலிபோல் ஓடித் திரியும். உதவிக் காவலரான டேவிட் லயால் என்பவரின் கைக்கு, பூனை பிடித்து வந்த குருவிகள் ஒன்றொன்றாகக் கிடைத்தன. அவற்றை அறிஞர்களுக்கு அனுப்பினார். அப்படி ஒரு பறவை இருப்பதை உலகம் அறிந்ததே பூனை வாயிலிருந்துதான். உலகம் அறிந்து சில ஆண்டுகளுக்குள் அந்த இனமே இல்லாமற்போயிற்று. டிபில்ஸ் என்ற ஒரே பூனை முழு இனத்தையும் அழித்தது என்று கதையாகச் சொல்வார்கள். அங்குப் பெருகிய பல பூனைகளின் வேலை அது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். ஒன்று பலவாக எத்தனை நாள் ஆகும்? பூனை கருவுற்ற ஒன்பது வாரத்தில் ஈனும். குட்டி பிறந்து ஐந்தாறு மாதத்தில் அதுவும் தாயாகிவிடும்.

தீவுக் கதை தீவோடு போகட்டும் என்றால், 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். வெளியே திரியும் பூனைகள் அந்நாட்டில் ஆண்டொன்றுக்குக் குறைந்தது 130 கோடிப் பறவைகளைக் கொல்வதாக அது கணக்கிட்டது. அவற்றில் பெரும்பகுதி உரிமையாளர் இல்லாத பூனைகளால் நேர்ந்தவை. ஆனால் அவையெல்லாம் எங்கிருந்து வந்தன? வால்டார்ப் என்ற ஜெர்மானிய ஊரில், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடியைக் காப்பதற்காக 2022இல் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை பூனைகளை வெளியே விடக்கூடாது என்று ஆணையே பிறப்பித்தார்கள்.

நம் பக்கத்திலும் கவலைப்பட ஒன்று இருக்கிறது. உலகத்தின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்றான துரும்பன் பூனை, இந்தியாவிலும் இலங்கையிலும் நேபாளத்திலும் மட்டுமே வாழ்வது. வளர்ந்த பின்பும் ஒன்றரைக் கிலோ எடைதான் இருக்கும். 1830களில் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் அறிவியல் உலகுக்கு இதனை அறிமுகப்படுத்தியது, நம் புதுச்சேரியில் கிடைத்த மாதிரியைக் கொண்டுதான். புதர்க்காட்டிலும் மலையடிவாரத்திலும் வாழும் இந்தப் பூனை, ஊர்ப் பூனையோடு கலந்துவிடும் அபாயம் உண்டு என்று விலங்கியலார் அஞ்சுகின்றனர். கலந்துவிட்டால் தனி இனம் என்பது ஏது?

பூனையை உள்ளே வைத்தால் எலியை யார் பிடிப்பது என்று எங்கள் வீடுகளில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிளேக் நோய் நம் நாட்டைச் சூறையாடிய காலத்தில், புக்கானன் என்ற இராணுவ மருத்துவர், பூனை வளர்க்கும் வீடுகளைப் பிளேக் தீண்டுவது குறைவு என்று 1908இல் எழுதினார். ஆனால் எலி வீட்டுக்குள்தானே இருக்கிறது? தானிய மூட்டை இருக்கும் அறையில் பூனையும் இருந்தால் போதாதா? இரவெல்லாம் அடுத்த தெருவில் சுற்றும் பூனை நம் அரிசியைக் காவல் காப்பது எங்ஙனம்?

வகுப்பில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. “வெளியே போகாதே, இருட்டுமுன் வா என்று எங்களுக்குத்தான் எந்நேரமும் சொல்கிறார்கள், பாவம் பூனைக்குமா, சிஸ்டர்?” என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. சிஸ்டரும் சிரித்துவிட்டு, “நீ இரயில் வரும் நேரம் தெரிந்து கடக்கிறாய். நாளை படித்துச் சென்னைக்கும் போவாய், அதற்கு அப்பாலும் போவாய். பூனைக்கு அட்டவணை படிக்கத் தெரியுமா?” என்றார்கள். கேட்டவளுக்குப் பாதிச் சமாதானம்தான். எங்களுக்கும் அப்படியே. சன்னலில் உட்கார்ந்து வெளியே பார்க்கும் பூனையைக் காணும்போது மனம் சற்று இளகத்தான் செய்கிறது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் பூனையை முழுநேரமும் அடைத்து வைப்பது ஆகாத காரியம். அது ஓட்டைப் பிரித்துக்கொண்டாவது போய்விடும். ஆனால் மாலை மங்கியதிலிருந்து விடியும்வரை ஓர் அறையில் வைக்க முடியும். பூனை மும்முரமாக வேட்டையாடுவது அந்தியிலும் விடியலிலும்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் உணவு கொடுத்துப் பழக்கினால் தானே வந்து சேரும். மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும். ஐந்தாறு மாதத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துவிட்டால், அலைச்சலும் சண்டையும் பெரிதும் குறையும். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய பழம்பெரும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனையில் பூனைகளுக்கும் வைத்தியம் உண்டு. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்களே, அதையும் நாங்கள் கேட்டுப் பார்த்தோம். மணி கட்டினால் பிடிபடும் பறவைகள் குறையுமாம்; ஆனால் அறவே நின்றுவிடாதாம். கட்டும் பட்டை, கிளையில் சிக்கினால் தானே கழன்றுவிடக் கூடியதாக இருக்க வேண்டும்.

உள்ளே வளர்க்கும்போது மணல் தட்டு வைப்பது அவசியம். அதனைத் தினமும் அள்ளிக் கொட்டிவிட வேண்டும். இதற்கும் காரணம் உண்டு. எலியையும் பச்சை இறைச்சியையும் தின்னும் பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியின் முட்டைகள் சில வாரம் வெளிவரலாம். கருவுற்ற தாய்க்கு முதன்முறையாக இது தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். அந்த முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே அன்றன்று அகற்றினால் பயமில்லை. கருவுற்றவர் அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடலாம். பூனையையே வீட்டைவிட்டு விரட்டத் தேவையில்லை. சமைத்த உணவு தின்று வீட்டுக்குள் வாழும் பூனைக்கு இது தொற்றும் வாய்ப்பே மிகக் குறைவு. கண்ட இடமெல்லாம் திரியும் பூனை நம் கீரைப் பாத்தியிலும் குழந்தைகள் விளையாடும் மணலிலும் மலம் கழிப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மீனு இறப்பதற்கு முன்பு ஈன்ற குட்டிகளில் ஒன்று இப்போது எங்கள் விடுதியில் வளர்கிறது. தச்சர் வந்து சமையற்கட்டுச் சன்னலுக்குக் கம்பிவலை அடித்துக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் இரவெல்லாம் கத்தி எங்களை உறங்கவிடவில்லை. சிலர் திறந்து விட்டுவிடலாம் என்றுகூடச் சொன்னார்கள். மூன்றாம் வாரம் அதுவாகவே அடங்கிவிட்டது. அதற்கு ஊசி போட்ட நாளைக் குறித்து வைத்திருக்கும் அட்டை, எங்கள் தோழியின் அறிவியல் ஏட்டில் இருக்கிறது. அவளுடைய நான்கு ஊசிகளின் சீட்டும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. குட்டியைத் தூக்க அவள் இன்னும் சற்றுத் தயங்குகிறாள். ஆனால் மாலை ஆறு மணிக்குச் சோறு வைத்துச் சன்னலைச் சாத்துவது அவள்தான்.